ரவை என்று ஒரு நோய்

நாற்பத்தேழில் துரை வீட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறினபோது, தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்கள் மூன்றை விட்டுவிட்டுப் போனாராம். ஒன்று, நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கண்ணாடித் தொட்டி. இரண்டு, அதற்குள் இருந்த ஒரு ஜோடி தங்கமீன். மூன்று, அசோகன். அசோகன் அண்ணாவே இதைச் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அநேகமாக இந்த ஒரு பேச்சுக்குத்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அந்த வீட்டை வாங்கினவர் வைத்தீஸ்வரன் ஐயா. மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சம்சாரம் பாமா அம்மா. நான் அங்கே வீடு பெருக்கி, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அல்சூரிலிருந்து காலையில் நடந்து போவேன், பொழுது சாயத் திரும்புவேன். அசோகன் அண்ணாவுக்குத் தோட்டத்துக் கோடியில் ஒற்றை அறை. செடிகொடியும் மீன்தொட்டியும் அவர் பொறுப்பு. தொட்டி முன்பக்க வராந்தாவில் இருந்தது. வராந்தாவரைக்கும் அவர் வரலாம். அதற்கு மேல் உள்ளே வரச் சொன்னவர்கள் யாரும் இல்லை, அவரும் வந்ததில்லை.

அவர் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை செய்தவர். அங்கேயே புத்தரைக் கும்பிட ஆரம்பித்த குடும்பம். அண்ணா அறையில் ஒரு சின்னப் புத்தர் படம் இருக்கும். பூ வைப்பார், அவ்வளவுதான். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் தெரு மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள்.

"உங்க சாமிக்குப் பொங்கல் உண்டா, கூழ் உண்டா அண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க சாமி ஒண்ணும் கேக்காது, ஒண்ணும் குடுக்காது. செலவில்லாத சாமி. உனக்கு வேணும்னா சொல்லு, இன்னொரு படம் இருக்கு" என்றார்.

மீன் வளர்ப்பதை அவர் துரையிடம் கற்றுக்கொண்டார். துரை சொன்ன இங்கிலீஷ் பெயர் ஒன்றும் அவர் வாயில் நிற்கவில்லை. அதனால் மீனுக்கு வருகிற நோய்க்கெல்லாம் அவரே பெயர் வைத்திருந்தார். வாலும் துடுப்பும் நார்நாராகப் போனால் அது கிழிசல். உடம்பில் வெள்ளையாகப் பூத்தால் பஞ்சு. வயிறு ஊதி மல்லாந்து மிதந்தால் உப்புசம். உப்புசத்துக்கு இரண்டு நாள் பட்டினி போடுவார். கிழிசலுக்கும் பஞ்சுக்கும் மீனைத் தனியாக ஒரு மண்சட்டியில் விட்டு, கல்லுப்பைக் கரைத்து ஊற்றுவார். குடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி, அதுவும் ஒரே தடவையில் கொட்டாமல் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்.

"மீனுக்கு வைத்தியம் பண்றது அப்புறம். மொதல்ல தண்ணிக்குப் பண்ணணும்" என்பார். கிணற்றுத் தண்ணீரை இறைத்துத் தொட்டிப் பக்கத்திலேயே ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்றுவார். ஞாயிற்றுக்கிழமையானால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு விடுவார். முழுசாக மாற்றினால் மீன் திகைத்துப் போய்விடுமாம். தீனி போட்டுவிட்டுப் புத்தர் பெயரை முப்பது தரம் சொல்லுவார். அதற்குள் தின்னாமல் மிஞ்சினதைச் சல்லடையால் அரித்து எடுத்துவிடுவார். தினமும் காலையில் குனிந்து தண்ணீரை மோந்து பார்ப்பார். அப்போது பாமா அம்மா ஜன்னல் வழியாகச் சொல்லுவார்கள்: "ரசம் கொதிச்சுடுத்தா அசோகா?"

இன்னொரு நோய் உண்டு. மீன் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. மீன் மணலிலும் கல்லிலும் போய்ப் போய் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். நான் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த வருஷம் குளிர்காலத்தில் அது வந்தது. பார்த்ததும் சொல்லிவிட்டேன்: "ஐயோ அண்ணா, மீனுக்கு அம்மை போட்டிருக்கே!"

அவர் கையில் இருந்த சொம்பு அப்படியே நின்றது.

"அந்தப் பேரைச் சொல்லாதே சந்திரம்மா. ரவைன்னு சொல்லு. உடம்புல ரவையைத் தூவின மாதிரி இல்லே?"

"பேர்ல என்ன இருக்கு அண்ணா?"

"அம்மைன்னா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடுவீங்க. ரவைன்னா, என்ன பண்ணலாம்னு கை தேடும்."

அந்தப் பேச்சுக்குக் காரணத்தைச் சமையல்கார மாமி பிறகு சொன்னாள். அண்ணாவுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. சரளா என்று பெயர். நாலு வயசு. அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்த அன்று அண்ணா துரை வீட்டில் வேலையாக இருந்தார். அவர் சம்சாரம் ருக்மிணி, ஊசி போட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று பயந்து, குழந்தையைப் பழந்துணி மூட்டைக்குப் பின்னால் உட்காரவைத்து, அதன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு மாசத்தில் ஊரெல்லாம் வைசூரி வந்தது. குழந்தை போய்விட்டது. ருக்மிணி தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் செய்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். என் மூத்தவனை நானும் அப்படித்தான் கூரை மேல் ஏற்றி ஒளித்தேன். அம்மன் புண்ணியத்தில் அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

அன்றிலிருந்து நானும் ரவை என்றே சொல்லப் பழகிக்கொண்டேன். வாய்தான் பழகிற்று.

ரவைக்கு அவர் செய்கிற வைத்தியம் சூடு. தொட்டிக்கு மேல் தகர மூடியில் ஒரு பெரிய பல்பைக் கட்டித் தொங்கவிட்டு, ராப்பகலாக எரியவிடுவார். பெங்களூர்க் குளிர் தண்ணீரில் ஏறாமல், தொட்டி தாய்வயிறு மாதிரி இளஞ்சூடாக இருக்கும். கூடவே கல்லுப்பு. நாலைந்து நாளில் புள்ளி உதிர்ந்துவிடும். ஆனாலும் பல்பை அணைக்கமாட்டார். "உதிர்ந்தா போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லே. மணலுக்கு இறங்கியிருக்கு. அங்க ஒண்ணு நூறாப் பெருகும். திரும்ப ஏறி வர்ற நேரத்துலதான் சூடும் உப்பும் அதைப் பிடிக்கும்" என்பார். இரண்டு வாரம் கழித்துத்தான் பல்பு அவிழும்.

ஐம்பத்தெட்டு கார்த்திகையில் அண்ணாவுக்குக் குடலிறக்கம் முற்றிவிட்டது. குடம் தூக்கித் தூக்கி வந்ததுதான். ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, பாமா அம்மா கடையிலிருந்து நாலு புது மீன் வாங்கி வந்தார்கள். வால் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு மீன்.

அண்ணா ஒரு பெரிய ஜாடியை எடுத்து வந்தார். "மூணு வாரம் இதுல தனியா இருக்கட்டும் அம்மா. எங்கேயிருந்து என்ன கொண்டு வந்திருக்கோ."

பாமா அம்மா சிரித்தார்கள். "மீனுக்குமாடா தீட்டு? தள்ளி வெக்கறியே!"

அண்ணா தலையைக் குனிந்துகொண்டு, "தள்ளி வைக்கிறது எப்படின்னு இந்த வீட்ல எனக்குத் தெரியாதா அம்மா" என்றார். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். பாமா அம்மாவின் முகம் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா வாய் வளக்காதே" என்று சொல்லிக்கொண்டே, தன் கையாலேயே அந்த நாலையும் தொட்டியில் கவிழ்த்தார்கள்.

திங்கட்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். பல்பும் தகர மூடியும் வராந்தா அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கல்லுப்பு ஜாடி, மேசைக்கரண்டி, எல்லாம் எடுத்துக் காட்டினார்.

"சந்திரம்மா, துரை காலத்து மீன் ரெண்டும் கெழம். தாங்காது. ரவை வந்தா பல்பு, உப்பு. உதிர்ந்தாலும் அணைக்காதே. எங்கே, ஒரு தரம் திருப்பிச் சொல்லு."

நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். "ரவை வந்தா பல்பு, உப்பு. உதிர்ந்தாலும் அணைக்கக்கூடாது."

"அந்தம்மாவுக்கு என்மேல கோவம். இதுங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு இந்த ரூம் கிடையாது. பத்து நாள்ல வந்துடுவேன், பார்த்துக்கோ" என்று சொல்லி, கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.

வியாழக்கிழமை காலையில் பெருக்கிக்கொண்டிருந்தேன். துரை மீனில் பெரியது, தங்கத் தகடு மாதிரி இருப்பது, கல்லில் போய் உரசிற்று. கிட்டப் போய்ப் பார்த்தேன். நெற்றியிலிருந்து வால்வரைக்கும் முத்து முத்தாக இருந்தது.

என்ன சொல்ல. நான் ஒப்பித்த வார்த்தை ஒன்றும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த முத்தைப் பார்த்ததும் கை தானாகக் கூம்பிற்று. எங்கள் வீட்டில் என் தங்கைக்கு முதல் முத்துப் போட்டபோது என் அம்மா எப்படி நின்றாளோ அப்படியே நான் நின்றேன். அது வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் வேறே. தானாக வந்திருக்கிறாளே தாய் என்றுதான் தோன்றிற்று. அம்மை கண்ட உடம்புக்குச் சூடு ஆகுமா? விளக்கு வெளிச்சமே ஆகாதே! உப்பைப் போடுவதாவது! எரியாதா?

உள்ளே ஓடிப்போய், "அம்மா, மீனுக்கு அம்மன் வந்திருக்கா" என்றேன்.

பாமா அம்மா மடியோடு வந்து பார்த்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "ஆமாண்டி சந்திரா. அம்மை வார்த்திருக்கு. தாளிக்க வேண்டாம்னு மாமிகிட்டே சொல்லு."

தொட்டிமேல் மஞ்சள் துணி போட்டு வெளிச்சத்தை மறைத்தேன். வேப்பிலைக் கொத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். மஞ்சள் கரைத்து விட்டேன். தினமும் காலையில் கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த பச்சைத் தண்ணீரைக் குளிரக் குளிர ஊற்றினேன். அம்மை கண்டவர்களுக்குக் கூழ்தானே என்று கேழ்வரகுக் கூழும் ஒரு கரண்டி விட்டேன். அந்தக் கூழ் மணலில் போய்ப் படிந்தது. எல்லாம் பக்தியோடுதான் செய்தேன்.

குளிரில் நோய் மெதுவாகத்தான் நடந்தது. பத்தாம் நாள் துணியை விலக்கிப் பார்த்தால், முத்து ஒன்றைக்கூடக் காணோம். எல்லா மீனும் தெளிவாக இருந்தது. நான் வராந்தாவிலேயே விழுந்து கும்பிட்டேன். "அம்மன் இறங்கிட்டா அம்மா!" என்று கத்தினேன். பாமா அம்மா சர்க்கரைப் பொங்கல் செய்யச் சொன்னார்கள்.

அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணாவைப் பார்த்தேன். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. பத்து நாள் என்றது இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்கள். ஜுரத்தில் உதடு வெடித்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "ரவை ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லண்ணா. எல்லாம் நல்லா இருக்கு" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதியாகத்தான் மூடினார்.

நான் பொய் சொல்லவில்லை என்று திரும்பி நடக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தது ரவை இல்லையே. வந்தவள் அம்மன். வந்தாள், இறங்கினாள். அவர் கேட்ட கேள்விக்கு இல்லை என்பதுதானே பதில்? வழி முழுக்க இப்படியே சொல்லிக்கொண்டு நடந்தேன். கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அண்ணா, புள்ளி உதிர்ந்திடுச்சு, இப்ப என்ன பண்ண? அவ்வளவு கேட்டிருந்தால் படுக்கையிலிருந்தே சொல்லியிருப்பார். மீனும் பிழைத்திருக்கும்.

இறங்கினாள் என்று நான் கும்பிட்டேன். மணலுக்கு இறங்கியிருக்கு என்று அவர் எத்தனை தரம் சொன்னார். அதே வார்த்தை.

புதன்கிழமை மறுபடி முத்து வந்தது. இந்த முறை முத்தாகத் தெரியவில்லை. மாவில் புரட்டினது போல மீன் முழுக்க வெள்ளை. மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. தண்ணீரில் கூழ் புளித்த நாற்றம். புது மீன் நாலும் முதலில் போயிற்று. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தேன், துரை காலத்து ஜோடியில் சின்னது பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. பெரியது அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. சனிக்கிழமை அதுவும் இல்லை. பல்பு அலமாரிக்குப் பக்கத்தில் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கப் பயந்து அந்தப் பக்கம் பெருக்கவேயில்லை.

அடுத்த வாரம் அண்ணா வந்தார். கேட்டைத் திறந்ததும் தன் அறைக்குப் போகாமல் நேராக வராந்தாவுக்கு வந்தார். காய்ந்த வேப்பிலையும் கலங்கல் தண்ணீரும் மட்டும் இருந்த தொட்டியைப் பார்த்தார். குனிந்து, வழக்கம்போல மோந்து பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாமா அம்மா வெளியே வந்தார்கள். "அம்பாள் வந்துட்டா அசோகா. சந்திரா என்னென்ன உண்டோ எல்லாம் ஒழுங்காப் பண்ணினா. அவ எடுத்துண்டு போயிட்டா, நாம என்ன பண்ண முடியும்?"

"அம்பாள் இல்லேம்மா" என்றார் அண்ணா. "பூச்சி."

"என்னது?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிம்மா. புது மீனோட வந்தது. சூட்டுல செத்திருக்கும்."

"அம்பாளைப் பூச்சிங்கறியா? என் வீட்டு வாசல்ல நின்னுண்டு?" பாமா அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இத்தனை தெரிஞ்சவன் சொல்லிட்டுப் போயிருக்கணுமோல்லியோ? போனவன் போனவன்தான். ஏண்டி சந்திரா, இவன் உங்கிட்ட ஏதானும் சொல்லிட்டுப் போனானா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கோபமில்லாத முகம். நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துகொள்ள நினைக்கிற முகம்.

என் வீட்டுக்காரர் அப்போது படுக்கையில். மூன்று பிள்ளைகள். இதெல்லாம் காரணமா என்று இப்போது கேட்டால், இல்லை. சொன்னார் என்று நான் சொன்னால், சொன்னதை ஏன் செய்யவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால், நான் செய்தது பக்தி இல்லை, கொலை என்று என் வாயாலேயே ஆகிவிடும். அதற்குத்தான் பயந்தேன்.

"ஒண்ணும் சொல்லலைம்மா" என்றேன்.

"கேட்டியா? இன்னிக்கே ரூமைக் காலி பண்ணிடு" என்றார்கள் பாமா அம்மா. நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஐயா, பேப்பரை இறக்காமலே, "பாமா சொல்றபடி செய்துடு அசோகா" என்றார். அன்று சாயங்காலமே அண்ணா அறையைக் காலி செய்தார். ஒரு டிரங்குப் பெட்டி, புத்தர் படம். பெட்டியைத் தூக்கக்கூடாத உடம்பு. ரோட்டில் போன வண்டிக்காரனைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னார். நான் கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது, எழுந்து போகவில்லை.

பொம்மனஹள்ளியில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல் இருக்கிறார் என்று ஒரு வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். மாரியம்மனிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். ரொம்ப இளைத்திருந்தார். அடிவயிற்றில் பழைய இடத்திலேயே மறுபடி புடைத்திருந்தது. கயிற்றுக் கட்டிலில் எனக்கு இடம் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணா, நீங்க சொல்லிட்டுப் போனீங்க. நான் இல்லேன்னுட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சொல்லியிருந்தா உன்னையும்தான் அனுப்பியிருப்பாங்க. ஒரு வண்டியில ரெண்டு பெட்டி ஏறாது" என்றார். பிறகு, "ஆஸ்பத்திரியில கேட்டேனே. அன்னிக்கு உதிர்ந்திருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா."

தலையை ஆட்டிக்கொண்டார். அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது போலிருக்கிறது. நான் கொண்டு போயிருந்த பொங்கலை வாங்கிக்கொண்டார். அம்மன் பிரசாதம் என்று நான் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை. புறப்படும்போது, "தொட்டியில மறுபடி மீன் விட்டாங்களா?" என்றார்.

"இல்லண்ணா. பழைய பேப்பர் போட்டு வச்சிருக்காங்க."

"மணலு?"

"ரோஜாச் செடிக்குக் கொட்டிட்டாங்க."

"வெயில்ல காஞ்சா செத்துடும்" என்றார். "நல்லது."

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். புடைத்த இடம் திருகிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டதாம். எனக்குச் செய்தி வந்தபோது காரியமும் ஆகிவிட்டிருந்தது. காரியம் யார் செய்தார்கள் என்று தெரியவில்லை. ருக்மிணிக்கு யாராவது சொல்லியிருப்பார்களா என்றும் தெரியவில்லை.

போன வருஷம் எங்கள் தெருவுக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். கன்னடக்காரர், சின்ன வயசு. வீடு வீடாகக் கதவு சாத்திக்கொண்டார்கள். நான் காலையில்தான் அம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்திருந்தேன். என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நானே வாசலுக்கு வந்து, அவள் சட்டைக் கையை மடித்துவிட்டேன். குழந்தைக்கு நாலு வயசு. பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எதுக்கு அவ்வா?" என்று கேட்டாள்.

"ரவை வராம இருக்கத்தான் கண்ணு."

அந்தப் பையன் ஊசியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "ரவையா? அம்மைன்னு சொல்லுங்க தாயி."

எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. குழந்தையின் கையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடித்தேன்.